பிரேக் பிடிக்க எடை வேண்டும்

விமானம் ஓடுதளத்தைத் தாண்டி ஓடிவிட்டது என்று செய்தி வந்தால் போதும், அரை மணி நேரத்துக்குள் டிவியில் கீழே ஒரு வரி ஓட ஆரம்பித்துவிடும்: பிரேக் பிடிக்காததால் விபத்து. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒரு சித்தப்பா அதையே ஃபார்வர்டு செய்வார். ஒரு வருடமோ இரண்டு வருடமோ கழித்து விசாரணை அறிக்கை வரும்போது அதைப் படிக்க ஆள் இருக்காது. எனக்கு அந்த அறிக்கைகளைத் தேடிப் படிக்கிற பழக்கம் உண்டு. வீட்டில் இதை ஒரு வியாதி என்கிறார்கள், இருக்கட்டும். படித்த வரைக்கும் எனக்குப் புரிந்தது இதுதான்: இந்த விபத்துகள் பலவற்றில் பிரேக் நன்றாகவே இருந்திருக்கிறது. பிடிப்பதற்குத்தான் அதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

விமானச் சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் சாதாரணப் பொருள் கிடையாது. இப்போதைய ஜெட்களில் கார்பன் தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும், ஹைட்ராலிக் அழுத்தம் அவற்றை ஒன்றோடொன்று நெரிக்கும். சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமலிருக்க ஆன்டி-ஸ்கிட் உண்டு. நம் கார்களுக்கு ஏபிஎஸ் வருவதற்கு வெகுகாலம் முன்பே, 1950களிலேயே விமானத்துக்கு வந்துவிட்ட சமாசாரம் அது. அறுபது டன்னுக்கு மேல் கனக்கிற ஒரு ஜெட்டை மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்திலிருந்து இழுத்து நிறுத்தும் வல்லமை அந்த பிரேக்குக்கு இருக்கிறது. ஒரே நிபந்தனை, டயர் தரையை நன்றாக அழுத்திக்கொண்டிருக்க வேண்டும்.

அங்கேதான் சிக்கல். சக்கரம் தரையைத் தொட்டுவிட்டது என்பதற்காக விமானம் தரைக்கு வந்துவிட்டதாக அர்த்தம் இல்லை. அந்த வேகத்தில் இறக்கைகள் இன்னும் தூக்கிக்கொண்டுதான் இருக்கின்றன. சக்கரம் தரையில், எடை காற்றில். காலி லாரியை மழையில் ஓட்டியவரைக் கேட்டுப் பாருங்கள், லோடு இல்லாத வண்டி பிரேக் அடித்தால் எப்படி இழுத்துக்கொண்டு போகும் என்று சொல்வார். விமானத்தின் நிலைமை கிட்டத்தட்ட அதுதான். அதனால் தொட்ட மறுகணமே இறக்கையின் வேலையைக் கெடுத்தாக வேண்டும். அதைச் செய்வது ஸ்பாய்லர். இறக்கையின் முதுகில் வரிசையாகப் படுத்திருக்கும் பலகைகள் சட்டென்று எழுந்து நிற்கும், தூக்கும் விசை செத்துவிடும், எடை முழுவதும் சக்கரத்தில் வந்து உட்காரும். அடுத்த முறை இறக்கைக்குப் பின்னால் ஜன்னல் சீட் கிடைத்தால் தரையிறங்கும்போது மொபைலைக் கீழே வைத்துவிட்டு அதைப் பாருங்கள். முழுப் பயணத்திலும் பார்க்க வேண்டிய காட்சி அது ஒன்றுதான் என்பேன்.

கூடவே ஒரு பெரிய இரைச்சல் கேட்கும், அது ரிவர்சர். எஞ்சின் பின்பக்கமாகச் சுற்றுவதாகப் பலர் நினைக்கிறார்கள். எஞ்சின் எப்போதும்போலத்தான் சுற்றுகிறது. அது தள்ளும் காற்றில் பெரும்பகுதியை மடக்கி முன்பக்கமாகத் திருப்பிவிடுகிறார்கள், அவ்வளவுதான். காய்ந்த ஓடுதளத்தில் பெரும்பாலான வேலையைச் சக்கர பிரேக்கே பார்த்துவிடும். தரை ஈரமாக இருந்தால் ரிவர்சரின் மதிப்பு ஏறிவிடும், ஏனென்றால் அதற்குத் தரையின் பிடிமானம் தேவையே இல்லை.

இவ்வளவு நல்ல ஏற்பாடுகளை விமானி எப்போது வேண்டுமானாலும் திறக்கட்டும் என்று விட்டுவிட முடியாதா? முடியாது. 1970 ஜூலை 5, டொராண்டோ. ஏர் கனடாவின் டிசி-8 தரைக்கு அறுபது அடி உயரத்தில் இருக்கும்போது, ஸ்பாய்லரைத் தயார்நிலையில் வைக்க வேண்டிய துணை விமானி நெம்புகோலை இழுத்து ஸ்பாய்லரையே திறந்துவிட்டார். விமானம் பொத்தென்று விழுந்தது, ஒரு எஞ்சின் கழன்றது, மீண்டும் மேலே ஏற முயன்று வெடித்துச் சிதறியது. 109 பேர். 1991 மே 26, தாய்லாந்து வானம். பாங்காக்கிலிருந்து வியன்னாவுக்குக் கிளம்பிய லௌடா ஏர் போயிங் 767 மேலேறிக்கொண்டிருக்கும்போது ஒரு ரிவர்சர் தானாகத் திறந்துகொண்டது. 223 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஆக, தரையில் உயிர் காக்கும் சாதனங்கள் காற்றில் உயிர் குடிக்கும். ஆகவே பூட்டு போட்டார்கள். விமானம் தரையில் இருக்கிறது என்று உறுதியானால்தான் பூட்டு திறக்கும்.

அந்தப் பூட்டின் கதைதான் வார்சா.

1993 செப்டம்பர் 14. பிராங்க்பர்ட்டிலிருந்து வந்த லுஃப்தான்சா ஏர்பஸ் ஏ320, உள்ளே எழுபது பேர். அந்த நேரத்தில் வார்சா விமான நிலையத்தின் மேல் மழையும் காற்றும் கடந்துகொண்டிருந்தன. இறங்கும் வழியில் காற்று திடீரென்று மாறலாம் என்று கோபுரத்திலிருந்து எச்சரிக்கை வந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் கையேடு சொல்கிறபடி விமானிகள் வேகத்தைச் சுமார் 20 நாட் கூட்டி வைத்துக்கொண்டார்கள். பக்கவாட்டுக் காற்று என்று சொல்லப்பட்டிருந்ததால், அதைச் சமாளிக்க விமானத்தை வலப்பக்கம் லேசாகச் சாய்த்து இறக்கினார்கள். இரண்டும் பாடப்புத்தகத்தில் உள்ளபடிதான். ஆனால் தரையைத் தொடும் நேரத்தில் காற்று பின்பக்கத்திலிருந்து தள்ளிக்கொண்டிருந்தது.

வலது சக்கரம் தொட்டது ஓடுதளத்தின் தொடக்கத்திலிருந்து 770 மீட்டரில். இடது சக்கரம் தொட்டது 1525 மீட்டரில். இடையே ஒன்பது விநாடி. ஓடுதளத்தின் மொத்த நீளமே 2800 மீட்டர். முக்கால் கிலோமீட்டர் தூரம் அந்த விமானம் ஒற்றைக் காலில் ஓடியிருக்கிறது.

அந்த ஒன்பது விநாடிக்குள் என்ன நடந்தது? இரண்டு பக்கக் கால்களும் 6.3 டன்னாவது எடையைத் தாங்கி அமுங்கினால்தான் ரிவர்சருக்கு அனுமதி என்று கணினிக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். ஸ்பாய்லருக்கு மட்டும் இன்னொரு வழி உண்டு: கால் அமுங்காவிட்டாலும் சக்கரங்கள் 72 நாட் வேகத்துக்கு மேல் சுற்ற ஆரம்பித்தால் போதும். இடது கால் காற்றில் இருந்ததால் முதல் வழி அடைந்துபோனது. தண்ணீரின் மேல் வழுக்கிக்கொண்டு போன சக்கரம் சுற்றாததால் இரண்டாவது வழியும் இல்லை. விமானி கேட்கிறார், கணினி மறுக்கிறது. அதன் கணக்கில் விமானம் இன்னும் பறந்துகொண்டிருக்கிறது. இடது சக்கரம் அமுங்கிய பிறகுதான் ஸ்பாய்லரும் ரிவர்சரும் வந்தன. சக்கர பிரேக் வேலைசெய்ய மேலும் சில விநாடிகள் பிடித்தன. அதற்குள் மிச்சமிருந்த தூரம் போதாமல் போய்விட்டது. ஓடுதளம் முடிந்து 90 மீட்டரில் ஒரு மண்மேடு. அதில் மோதித் தீப்பிடித்தது. இரண்டு பேர் இறந்தார்கள், அதில் ஒருவர் வலது இருக்கையில் இருந்த விமானி.

எனக்கு இந்த அறிக்கையைத் திரும்பத் திரும்பப் படிக்கத் தோன்றும். யாரும் தூங்கவில்லை, யாரும் விதியை மீறவில்லை, எந்தப் பொருளும் உடையவில்லை. டொராண்டோவிலும் தாய்லாந்திலும் நடந்தது மாதிரி நடக்கக் கூடாது என்று போட்ட பூட்டு தன் வேலையைச் சரியாகச் செய்தது. விமானம் பூப்போல இறங்கியது என்பதுதான் பிரச்சினையாகிவிட்டது.

இதைப் படித்த பிறகு ஒரு விஷயத்தில் என் எண்ணமே மாறிவிட்டது. விமானம் தடாலென்று இறங்கினால் நம் ஆட்கள் உடனே முகம் சுளிப்பார்கள். ‘இவனுக்கு யாருப்பா லைசென்ஸ் கொடுத்தது?’ என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல் வரும். பஞ்சு மாதிரி இறக்கினால் கைதட்டல். மழை நாளில் இது தலைகீழ் நியாயம். ஈரமான ஓடுதளத்தில் விமானியைத் தொட்டும் தொடாமலும் இறக்கச் சொல்வதில்லை, அழுத்தி இறக்கத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். தண்ணீர்ப் படலத்தைக் குத்திக் கிழித்துக்கொண்டு டயர் தரையைத் தொட்டால்தான் சக்கரம் சுற்றும், கால் அமுங்கும், பூட்டு திறக்கும்.

தண்ணீர்ப் படலத்தைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. 1960களில் அமெரிக்காவின் நாசா ஆய்வாளர்கள் கண்டுபிடித்த சூத்திரம் இது: டயரின் காற்றழுத்தத்தை பிஎஸ்ஐயில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை ஒன்பதால் பெருக்கினால், எத்தனை நாட் வேகத்துக்கு மேல் டயர் தண்ணீரில் மிதக்க ஆரம்பிக்கும் என்று தெரிந்துவிடும். போயிங் 737 டயரில் சுமார் 200 பிஎஸ்ஐ. கணக்குப் போட்டால் 127 நாட், அதாவது மணிக்கு 235 கிலோமீட்டர். இறங்கும் வேகம் அதைவிட அதிகம். நம் காரில் 32 பிஎஸ்ஐ என்றால் சுமார் 94 கிலோமீட்டர். மழையில் தண்ணீர் தேங்கிய கிழக்குக் கடற்கரைச் சாலையில் நூறில் போகிறவர்கள் இந்த எண்ணை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். ஓடுதளத்தில் குறுக்குவாட்டில் நெருக்கமாகக் கீறல் போட்டு வைப்பதெல்லாம் தண்ணீர் தேங்காமல் வழிந்தோடத்தான்.

அந்தக் கீறல் இல்லாத ஓடுதளம் ஒன்று சாவோ பாவ்லோவில் இருந்தது. கொங்கோன்யாஸ் விமான நிலையம், நகரத்தின் நட்டநடுவே. ஓடுதளம் வெறும் 1940 மீட்டர், அதன் முனைக்குக் கீழே பரபரப்பான சாலை. 2007 ஜூன் கடைசியில் புதிதாகத் தார் போட்டுத் திறந்தார்கள், கீறல் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று. ஜூலை 16 அன்று ஒரு சின்ன விமானம் மழையில் வழுக்கி ஓரம்போனது. மறுநாள் டாம் நிறுவனத்தின் ஏ320 வந்தது.

அந்த விமானத்தில் வலது ரிவர்சர் பழுதென்று பூட்டி வைத்திருந்தார்கள். அப்படி ஒன்று இல்லாமல் பறக்க விதிகளில் அனுமதி உண்டு, அதில் தப்பில்லை. ஏர்பஸ்ஸில் எஞ்சின் நெம்புகோல்கள் ஒரு மாதிரியானவை. தானியங்கி ஏற்பாடு எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைத்தாலும் நெம்புகோல் மட்டும் வைத்த இடத்திலேயே நிற்கும். தரையைத் தொடும்போது விமானி இரண்டையும் பின்னுக்கு இழுத்து ஐடிலில் வைக்க வேண்டும், பிறகு ரிவர்சுக்கு. ஒரு ரிவர்சர் பூட்டியிருந்தாலும் இரண்டையுமே இழுங்கள் என்பது அப்போதைய புதிய நடைமுறை. பழைய நடைமுறையில் வேலை செய்வதை மட்டும் இழுத்தால் போதும். புதியதைப் பின்பற்றினால் தேவையான ஓடுதள நீளத்தின் கணக்கில் 55 மீட்டர் கூடும். 1940 மீட்டர் ஓடுதளத்தில், மழையில், 55 மீட்டர் பெரிய விஷயமாகத் தெரிந்திருக்கலாம்.

கறுப்புப் பெட்டியில் பதிவானது இது: இடது நெம்புகோல் ரிவர்சுக்குப் போனது. வலது நெம்புகோல், மேலேறும்போது இருக்க வேண்டிய இடத்திலேயே நின்றது. விமானி மறந்தாரா, நெம்புகோலின் நிலையைக் கணினிக்குச் சொல்லும் சாதனம் கெட்டதா என்பதை பிரேசில் விசாரணைக் குழுவால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. கணினிக்கு எப்படிப் புரிந்தது என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை: ஒரு எஞ்சின் இன்னும் மேலே போகக் கேட்கிறது. அதனால் ஸ்பாய்லர் எழவில்லை, தானாகப் பிடிக்க வேண்டிய ஆட்டோபிரேக் வரவில்லை, வலது எஞ்சின் முன்னுக்குத் தள்ளிக்கொண்டே இருந்தது. விமானம் சாலையைத் தாண்டிப் போய், அந்த நிறுவனத்தின் சொந்தச் சரக்குக் கட்டடத்திலேயே மோதியது. உள்ளே இருந்த 187 பேர், தரையில் 12 பேர்.

இதில் என்னைக் கோபப்படுத்துவது ஒன்று உண்டு. இது முதல் முறை இல்லை. 2002இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸில், 2004இல் தைபேயின் சோங்ஷானில், ஏ320தான், ஒரு ரிவர்சர் பூட்டியதுதான், ஒரு நெம்புகோல் தவறான இடத்தில் இருந்ததுதான். இரண்டிலும் உயிர்ச்சேதம் இல்லை. உயிர் போகாத விபத்தின் அறிக்கைக்கு எவ்வளவு மதிப்போ அவ்வளவு மதிப்புதான் அவற்றுக்குக் கிடைத்தது.

சோங்ஷான் என்றதும் இன்னொன்று. நிஜமாகவே ‘ஃபெயிலியர்’ என்று சொல்லத்தக்க ஒரு நிகழ்வு அதே விமான நிலையத்தில் 2020 ஜூன் 14 அன்று நடந்தது. ஷாங்காயிலிருந்து வந்த சைனா ஏர்லைன்ஸ் ஏ330 ஈரமான ஓடுதளத்தைத் தொட்ட நேரத்தில் அதன் மூன்று முதன்மைக் கட்டுப்பாட்டுக் கணினிகளும் ஒரே சமயத்தில் படுத்துவிட்டன. ஸ்பாய்லர், ரிவர்சர், ஆட்டோபிரேக் மூன்றும் இல்லை. ஒன்று கெட்டால் இன்னொன்று என்றுதான் மூன்று வைக்கிறார்கள். மூன்றும் ஒரே மாதிரியான தவறான முடிவுக்கு ஒரே நேரத்தில் வரும் என்று யார் நினைப்பார்கள்! விமானிகள் இருவரும் காலால் பிரேக்கை மிதித்து நிறுத்தினார்கள். மிச்சமிருந்த ஓடுதளம் சுமார் பத்து மீட்டர். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அதனால்தான் உங்களில் பலருக்கு இந்தச் செய்தி தெரியாது.

எதிர்த் திசையிலும் ஒரு உதாரணம் இருக்கிறது. 2005 டிசம்பர் 8, சிகாகோவின் மிட்வே, பனிப்புயல். சவுத்வெஸ்ட் 737இன் விமானிகள் ஆட்டோபிரேக்கை நிஜப் பயணத்தில் பயன்படுத்துவது அதுதான் முதல் தடவை. அது எப்படிப் பிடிக்கிறது என்பதில் கவனம் போய், ரிவர்சர் வர 18 விநாடி ஆகிவிட்டது. விமானம் வேலியை உடைத்துக்கொண்டு சாலைக்கு வந்து ஒரு காரில் மோதியது. காருக்குள் இருந்த ஆறு வயதுச் சிறுவன் இறந்தான். இதற்குப் பிறகுதான் ஓடுதளத்தின் நிலையை ‘சுமார்’, ‘பரவாயில்லை’ என்று வாய்வார்த்தையாகச் சொல்லாமல், பூஜ்யத்திலிருந்து ஆறு வரை எண்ணாகச் சொல்லும் முறை அமெரிக்காவில் உருவானது. 2021 நவம்பரிலிருந்து அது உலக நடைமுறை.

சரி, கோழிக்கோட்டுக்கு வருவோம். 2020 ஆகஸ்ட் 7 இரவு, கொரோனா காலம், துபாயிலிருந்து ஊர் திரும்புகிறவர்களோடு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 737. கொட்டுகிற மழை. ஒரு திசையிலிருந்து இறங்கப் பார்த்தபோது தலைமை விமானியின் பக்கத்துக் கண்ணாடித் துடைப்பான் நின்றுபோனது, மேலே ஏறிவிட்டார்கள். அது சரியான முடிவு. அடுத்து எதிர்த் திசையிலிருந்து வந்தார்கள், இந்த முறை காற்று முதுகைத் தள்ளியது. ஓடுதளத்தின் நீளம் 8858 அடி. சக்கரம் தொட்டது 4438 அடியில். பாதி ஓடுதளம் காலுக்குக் கீழே வீணாகப் போய்விட்டது. துணை விமானி மேலே ஏறிவிடலாம் என்று சொல்லியிருக்கிறார். வேறு ஊருக்குப் போக எரிபொருளும் இருந்தது. மறுநாள் காலை தலைமை விமானி இன்னொரு விமானத்தை ஓட்ட வேண்டியிருந்தது, அதற்குள் கோழிக்கோட்டில் இருந்தாக வேண்டும் என்ற நினைப்பும் சேர்ந்துகொண்டதாக அறிக்கை சொல்கிறது. விமானிகள் இருவரும் உட்பட 21 பேர் இறந்தார்கள். ஊரடங்கில் இருந்த பக்கத்து ஊரான கொண்டோட்டிக்காரர்கள் நோய் பயத்தையும் மீறி மழையில் ஓடிவந்து மற்றவர்களை வெளியே இழுத்தார்கள்.

அதற்குப் பத்து வருடம் முன்பு, 2010 மே 22 அன்று மங்களூரில் இறங்கிய விமானத்தில், துணை விமானி ஒன்றல்ல, மூன்று தடவை மேலே ஏறச் சொன்னார். தலைமை விமானி வழியில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தூங்கி எழுந்திருந்தவர். 8033 அடி ஓடுதளத்தில் 5200 அடியில் தொட்டார். ரிவர்சரையும் திறந்துவிட்டு, பிறகு மனம் மாறி மேலே ஏறப் பார்த்தார். 158 பேர். அப்படி ஏறப் பார்க்காமல் ரிவர்சரையும் பிரேக்கையும் முழுமையாகப் பயன்படுத்தியிருந்தால் விமானம் அங்கேயே நின்றிருக்கும் என்றது விசாரணை நீதிமன்றம்.

இந்த இரண்டிலும் பிரேக் பாவம், அதன்மேல் பழி சொல்ல ஒன்றும் இல்லை. அணுகும் கோணம் மூன்று டிகிரி என்றால், ஓடுதள முனையை ஐம்பது அடி கூடுதல் உயரத்தில் கடந்தாலே தொடும் இடம் கிட்டத்தட்ட 290 மீட்டர் தள்ளிப்போகும். பத்து சதவீதம் வேகம் கூடினால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 21 சதவீதம் கூடும். கணக்கு எல்லா விமானிகளுக்கும் தெரியும். பக்கத்தில் இருப்பவர் ‘வேண்டாம் சார்’ என்று சொல்வதோடு நிற்காமல், தானே கையை நீட்டி எஞ்சினை முடுக்கி மேலே கொண்டுபோக முடிகிறதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சார் என்று கூப்பிட்டுப் பழகிய ஊர்களில் அது எவ்வளவு கடினம் என்று அலுவலகத்தில் வேலை பார்க்கும் யாருக்கும் தெரியும். அதனாலோ என்னவோ, இப்போது விமானமே பேச ஆரம்பித்துவிட்டது. ஏர்பஸ் 2009இல் ஏ380இல் தொடங்கிய ஏற்பாட்டில், நீளம் போதாது என்று கணக்கு வந்தால் விமானி அறையில் ஒரு குரல் ‘ரன்வே டூ ஷார்ட்’ என்று கத்தும். அந்தக் குரலுக்கு சீனியர், ஜூனியர் தெரியாது.

எல்லாம் தவறிப்போய் விமானம் முனையைத் தாண்டிவிட்டால்? அப்போது அங்கே என்ன இருக்கிறது என்பதுதான் மிச்சம். இடமில்லாத நகரங்களில் முனைக்கு அப்பால் நொறுங்கும் கான்கிரீட் கட்டிகளைப் பதித்து வைக்கிறார்கள். சக்கரம் அதற்குள் புதைந்து விமானத்தை இழுத்து நிறுத்திவிடும். 2016 அக்டோபரில் நியூயார்க்கின் லாகார்டியாவில், அப்போது அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளராக இருந்த மைக் பென்ஸ் வந்த 737 அப்படித்தான் நின்றது, எல்லோரும் நடந்து இறங்கினார்கள்.

2024 டிசம்பர் 29 அன்று தென் கொரியாவின் முவானில் பறவைகள் மோதிய ஜெஜு ஏர் 737 சக்கரத்தை இறக்காமலே வயிற்றால் சறுக்கிக்கொண்டு வந்தது. பிரேக் பற்றிய பேச்சுக்கே அங்கே இடமில்லை. ஓடுதளத்தைத் தாண்டியதும் ஒரு மேடு. வழிகாட்டி ஆன்டெனாவை நிறுத்துவதற்காக உள்ளே கான்கிரீட் வைத்துக் கட்டியது. 181 பேரில் 179 பேர் போனார்கள். அதன் பிறகுதான் மற்ற விமான நிலையங்களிலும் இருக்கும் அப்படிப்பட்ட கட்டுமானங்களை மாற்றப்போவதாக அந்த அரசு அறிவித்தது. வார்சா மண்மேட்டில் விமானம் மோதி அப்போது 31 வருடம் ஆகியிருந்தது.